மின்னஞ்சல் சர்வரின் பெயரும் விலாசமும்

பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்திற்கு மோட்டார் வண்டியில் செல்ல விரும்புவோர் கேரள எல்லைக்குள்ளேயே இருந்துகொண்டு அங்குச் சென்றடைய இயலாது. பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்னும் தமிழ்நாட்டு ஊர்களின் வழியாகவே செல்ல வேண்டும். நிர்வாகத்தால் அவ்வூர் ஒரு மாநிலத்திற்கு உரியது. பாதையோ மற்றொரு மாநிலத்தின் வழியாகச் செல்கின்றது. இந்த வேறுபாட்டை அறியாமல் வெறும் வரைபடத்தை மட்டும் நம்பிப் புறப்படுவோர் வழியிலேயே தடைப்பட்டு நிற்க நேரிடும்.

மின்னஞ்சல் சர்வரை அமைப்பதிலும் இதனையொத்த நிலைமை உண்டு. சர்வரின் பெயர் ஓர் அமைப்பின் பொறுப்பில் இருக்கின்றது. அதன் எண் வேறோர் அமைப்பின் பொறுப்பில் இருக்கின்றது. தன் பெயர் இன்னதென்று சர்வர் பிறருக்குச் சொல்லிக் கொள்வதோ, அதனை அமைத்தவரின் பொறுப்பு. இம்மூன்றும் ஒரே விடையைத் தருமாயின் கடிதம் செல்லும். ஒன்று மாறுபட்டாலும், கடிதம் திருப்பி அனுப்பப்படலாம், அல்லது எவரும் திறந்து பாராத குப்பைப் பெட்டியில் விழலாம். லினக்ஸ் சர்வர் ஒன்றில் பெயரையும் டொமைனையும் எவ்வாறு ஒன்றுபடுத்துவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லைப் பகுதியில் இதன் முக்கியத்துவம்

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் கிழக்கு எல்லையோரம் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். சிற்றூர், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு ஆகிய பகுதிகள் இதற்கு எடுத்துக்காட்டுகளாகும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசாங்கத்துடன் தத்தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையை வழங்கியுள்ளது. உரிமை சட்டத்தில் இருந்தாலும், கடிதம் உரிய மேசையை அடைந்தால்தான் அது பயனளிக்கும். மலைப்பகுதிப் பள்ளி ஒன்று உபகாரச் சம்பளப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புவதாகவோ, ஏலக்காய் விவசாயிகளின் சங்கமொன்று கடைசி நாளன்று மனு அனுப்புவதாகவோ கொள்வோம். அனுப்பியவரின் கணிப்பொறி ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டிவிடும். பெறுபவரின் சர்வர் அதனை ஐயத்திற்குரியதென ஒதுக்கிவிட்டால், இருவரில் எவரும் அதனை உடனே அறிய மாட்டார்கள்.

லினக்ஸ் இப்பகுதிக்குப் புதியதன்று. 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பின்னர்க் கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி லினக்ஸ் அடிப்படையிலேயே நடைபெறலாயிற்று. ஆகவே, சொந்தமாக ஒரு மின்னஞ்சல் சர்வரை நிறுவி நடத்தக்கூடிய இளைஞர்கள் இம்மாவட்டங்களில் இருக்கின்றனர். மென்பொருளை நிறுவுதல் சில நிமிட வேலையே. பெயரைச் சரியாக அமைத்தலே பொறுமை வேண்டும் பகுதியாகும்.

பெயர் முறை தோன்றிய வரலாறு

1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பும் முறையை உருவாக்கினார். பயனரின் பெயரையும் கணிப்பொறியின் பெயரையும் பிரிப்பதற்கு ‘அட்’ என்னும் குறியைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. அக்காலத்தில் இணைப்பில் இருந்த கணிப்பொறிகள் மிகச் சிலவே. அவற்றின் பெயர்களும் எண்களும் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே பட்டியலாகப் பராமரிக்கப்பட்டு, மற்ற நிலையங்களால் பிரதி எடுத்துக் கொள்ளப்பட்டன.

கணிப்பொறிகள் பெருகவே ஒற்றைப் பட்டியல் போதவில்லை. 1982-இல் ஜான் போஸ்டல் மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்.எம்.டி.பி. விதிகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். என்னும் பெயர் முறையை வகுத்தார். இதன்படி எவரும் முழுப்பட்டியலையும் வைத்திருக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு பகுதியின் பட்டியலும் அப்பகுதிக்குப் பொறுப்பானவரிடமே இருக்கும். 1986-இல், ஒரு டொமைனுக்கு வரும் கடிதங்களை எந்தச் சர்வர் பெற்றுக்கொள்ளும் என்பதைக் காட்டும் எம்.எக்ஸ். பதிவு முறை இத்துடன் சேர்ந்தது. இன்றும் உலகின் மின்னஞ்சல் இந்த அடிப்படையிலேயே இயங்கி வருகின்றது.

பின்கோடும் டொமைனும்

டி.என்.எஸ். முறையைப் புரிந்துகொள்ள நமது தபால் இலாகாவின் பின்கோடு ஏற்ற உவமையாகும். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க எண்ணில், முதல் இலக்கமாகிய 6 கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றைக் குறிக்கின்றது. முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கப்படும் வட்டாரத்தைக் காட்டும். பாலக்காட்டுக்கு 678, இடுக்கிக்கு 685. மூணாற்றின் எண் 685612. குமுளியின் எண் 685509. புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட மாஹியின் எண்ணோ 673 என்று, அதாவது கோழிக்கோட்டு வரிசையில் தொடங்குகின்றது. தபால் வட்டாரம் ஆட்சி எல்லையைப் பின்பற்ற வேண்டும் என்னும் கட்டாயமில்லை என்பது இதனால் விளங்கும்.

டொமைன் பெயரும் இவ்வாறே படிப்படியாகப் பிரிகின்றது. ஆனால் அதனை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். பாலக்காட்டில் 2015-இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் டொமைன் ‘ஐஐடிபிகேடி.ஏசி.இன்’ என்பதாகும். கடைசியில் உள்ள ‘இன்’ இந்தியாவைக் குறிக்கும். இப்பெயர் 1989 முதல் பதிவில் உள்ளது. ‘ஏசி’ என்பது உயர்கல்வி ஸ்தாபனங்களைக் குறிக்கும். இவ்வகைப் பெயர்களை எர்நெட் இந்தியா என்னும் அமைப்பு பதிவு செய்து தருகின்றது. முதலில் உள்ளது ஸ்தாபனத்தின் சொந்தப் பெயர். அதற்கும் முன்னால் எந்தெந்தக் கணிப்பொறிக்கு என்னென்ன பெயரிடுவது என்பதை ஸ்தாபனமே முடிவு செய்து கொள்ளலாம்.

எனினும், தபாலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பழக்கத்தில் பால்காட் என்று எழுதினாலும் பாலக்காடு என்று எழுதினாலும் தபால்காரர் புரிந்து கொள்வார். கணிப்பொறி அவ்வாறு ஊகித்துக் கொள்ளாது. ஓர் எழுத்துப் பிசகினாலும் அது வேறு ஊராகவே கருதப்படும்.

கணிப்பொறிக்குள் எழுத வேண்டியவை

விளக்கத்தின் பொருட்டு ‘எக்ஸாம்பிள்.காம்’ என்னும் டொமைனை எடுத்துக் கொள்வோம். இது எவருக்கும் விற்கப்படாமல், எடுத்துக்காட்டுகளுக்கென்றே 1999-இல் ஒதுக்கி வைக்கப்பட்ட பெயராகும். அதேபோல் 203.0.113.25 என்னும் எண்ணும் விளக்க நூல்களுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தது. சர்வருக்கு ‘மெயில்’ என்று பெயரிட்டால், அதன் முழுப்பெயர் ‘மெயில்.எக்ஸாம்பிள்.காம்’ ஆகும்.

இங்கு முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, டொமைனின் பெயரும் கணிப்பொறியின் பெயரும் ஒன்றல்ல என்பதாகும். டொமைன் என்பது ஊர். கணிப்பொறி அவ்வூரில் உள்ள ஒரு கட்டடம். ஊரின் பெயரையே கட்டடத்திற்கும் சூட்டினால் குழப்பம் விளையும். ஒரு ஸ்தாபனத்தின் கடிதங்கள் தலைமை அலுவலகச் சர்வருக்குச் செல்வதாகவும், மலையிலுள்ள கிளை அலுவலகத்தின் கணிப்பொறிக்கு ‘எக்ஸாம்பிள்.காம்’ என்றே பெயரிடப்பட்டிருப்பதாகவும் கொள்வோம். அக்கணிப்பொறி, அந்த டொமைனின் கடிதங்கள் யாவும் தனக்கே உரியவை என்று கருதிவிடும். கிளையிலிருந்து தலைமை அலுவலகத்திற்கு எழுதும் கடிதம் வெளியே செல்லாமல், ‘அத்தகைய பயனர் இல்லை’ என்னும் குறிப்புடன் உள்ளேயே திரும்பிவிடும். வெளியூர்களுக்கு எழுதும் கடிதங்கள் மட்டும் ஒழுங்காகச் செல்வதால், பிழையைக் கண்டுபிடிப்பது கடினமாகும்.

லினக்ஸில் கணிப்பொறியின் பெயரை அமைப்பதற்கு ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல்’ என்னும் கட்டளை உபயோகப்படுகின்றது. இப்பெயர் ‘இடிசி’ கோப்பகத்தில் உள்ள ‘ஹோஸ்ட்நேம்’ என்னும் கோப்பில் பதிவாகும். அதே கோப்பகத்தில் ‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் மற்றொரு கோப்பு உண்டு. ஸ்டான்ஃபோர்டில் இருந்த பழைய பட்டியலின் வாரிசு அது. அதில் எண்ணுக்கு அடுத்து முதலில் முழுப்பெயரையும், அதன் பின்னரே குறும்பெயரையும் எழுத வேண்டும். வரிசை மாறினால், முழுப்பெயரைக் கேட்கும் நிரல்களுக்கு ‘மெயில்’ என்னும் குறும்பெயரே விடையாகக் கிடைக்கும். 127.0.0.1 என்பது எந்தக் கணிப்பொறியும் தன்னைத் தானே குறிக்கும் எண். அதற்குரிய ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்னும் வரியை நீக்கலாகாது.

அடுத்தது மின்னஞ்சல் நிரல். வீட்சே வெனீமா என்னும் விஞ்ஞானி ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் இயற்றி, 1998-இல் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ் இன்று பரவலாக வழங்குகின்றது. அதில் பெயர் சம்பந்தமான நான்கு இனங்கள் உள்ளன. ‘மைஹோஸ்ட்நேம்’ என்பது சர்வரின் முழுப்பெயர். மற்றொரு சர்வருடன் பேசத் தொடங்கும்போது ‘நான் இன்னார்’ என்று முகமன் கூறுவது இப்பெயராலேயே. ‘மைடொமைன்’ என்பது டொமைன். அதைத் தனியே எழுதாவிடில், முழுப்பெயரின் முதற்பகுதியை நீக்கி நிரல் தானே ஊகித்துக் கொள்ளும். ‘மைஆரிஜின்’ என்பது இங்கிருந்து புறப்படும் கடிதங்களில் பயனர் பெயருக்குப் பின் சேர்க்கப்படும் பெயர். ‘மைடெஸ்டினேஷன்’ என்பது எந்தெந்தப் பெயர்களுக்கு வரும் கடிதங்களைத் தனக்கே உரியவையாக ஏற்க வேண்டும் என்னும் பட்டியல்.

இவற்றில் கடைசி இரண்டிலேயே பெரும்பாலும் பிழை நேர்கின்றது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அமைப்பில் ‘மைஆரிஜின்’ என்பது சர்வரின் முழுப்பெயராகவே இருக்கும். அதனால் நிர்வாகியின் கடிதம் ‘எக்ஸாம்பிள்.காம்’ பெயரில் செல்லாமல் ‘மெயில்.எக்ஸாம்பிள்.காம்’ பெயரில் செல்லும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் இதற்கென ‘மெயில்நேம்’ என்னும் கோப்பு உள்ளது. அதில் டொமைனை மட்டும் எழுதுவது நலம். ‘மைடெஸ்டினேஷன்’ பட்டியலில் டொமைனைச் சேர்க்க மறந்தால் நிலைமை வேறாகும். எம்.எக்ஸ். பதிவு இதே சர்வரைக் காட்டும். சர்வரோ அக்கடிதம் தனக்கு உரியதன்று என்று எண்ணி, உரியவரைத் தேடிச் சென்று, மீண்டும் தன் வாயிலுக்கே வந்து நிற்கும். ‘கடிதம் சுற்றி என்னிடமே வருகின்றது’ என்று குறிப்பேட்டில் அது எழுதி வைப்பது இந்நிலையில்தான்.

வெளியுலகம் அறிய வேண்டியவை

இதுவரை கூறியவை கணிப்பொறி தன்னைப் பற்றித் தானே கூறிக்கொள்பவை. இதனைப் பிறர் நம்ப வேண்டுமானால் டி.என்.எஸ். பதிவுகள் சான்று கூற வேண்டும். முதலாவது, ‘ஏ’ பதிவு. இது பெயரிலிருந்து எண்ணுக்கு வழி காட்டும். இரண்டாவது, எம்.எக்ஸ். பதிவு, இது டொமைனிலிருந்து சர்வரின் பெயருக்கு வழி காட்டும். எம்.எக்ஸ். பதிவில் எண்ணை எழுதலாகாது. பெயரையே எழுத வேண்டும். அப்பெயர் மற்றொரு பெயரின் மாற்றுப்பெயராகவும் இருத்தலாகாது. பல சர்வர்கள் இருப்பின், ஒவ்வொன்றிற்கும் ஒரு முன்னுரிமை எண் தரப்படும். சிறிய எண்ணுள்ளதே முதலில் நாடப்படும்.

மூன்றாவது, பி.டி.ஆர். பதிவு. இது எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்பி வரும் வழி. 203.0.113.25 என்னும் எண்ணைத் தலைகீழாக்கி, ‘25.113.0.203.இன்-ஆடர்.ஆர்பா’ என்னும் பெயரின் கீழ் இப்பதிவு வைக்கப்படுகின்றது. பரம்பிக்குளத்தின் உவமை இங்கேதான் பொருந்துகின்றது. டொமைனை வாங்கியவர் ‘ஏ’ பதிவையும் எம்.எக்ஸ். பதிவையும் தாமே எழுதிக் கொள்ளலாம். பி.டி.ஆர். பதிவை எழுதும் அதிகாரமோ அந்த எண்ணை வழங்கிய இணைய இணைப்பு நிறுவனத்திடம் இருக்கின்றது. ஆகவே, அந்நிறுவனத்திற்கு எழுதிக் கேட்டுப் பெற வேண்டும். தன் டொமைனின் கட்டுப்பாட்டுத் திரையில் எவ்வளவு தேடினாலும் இந்த வழி அங்குக் கிடைக்காது.

பெறுகின்ற சர்வர் சோதிக்கும் முறை பின்வருமாறு. வந்திருக்கும் எண்ணுக்கு உரிய பெயர் என்ன என்று முதலில் வினவும். கிடைத்த பெயருக்கு உரிய எண் எது என்று மீண்டும் வினவும். இரண்டும் ஒரே இடத்தில் வந்து முடிந்தால் ஐயம் குறையும். முகமனில் கூறிய பெயரும் அதுவாகவே இருப்பின் ஐயம் மேலும் குறையும். பெயர் பொருந்தாமை ஒன்றையே காரணமாகக் கொண்டு கடிதத்தை மறுக்கலாகாது என்று எஸ்.எம்.டி.பி. விதி கூறினும், போலிக் கடிதங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் பல சர்வர்கள் இச்சோதனையைக் கண்டிப்பாகவே நடத்துகின்றன. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் கூகுள், யாகூ ஆகிய நிறுவனங்கள் இவ்விருவழிப் பொருத்தத்தைத் தமக்குக் கடிதம் அனுப்புவோரிடம் வெளிப்படையாகவே எதிர்பார்க்கின்றன.

வீட்டிற்கும் சிறு அலுவலகத்திற்கும் தரப்படும் சாதாரண இணைப்புகளில் எண் அடிக்கடி மாறக்கூடும். ஒரே எண்ணைப் பலர் பகிர்ந்து கொள்வதும் உண்டு. மின்னஞ்சல் செல்லும் 25-ஆம் போர்ட் அடைக்கப்பட்டிருப்பதும் வழக்கம். இத்தகைய இணைப்பை மட்டும் உடையவர்கள் நிலையான எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். இயலாவிடில், இணைப்பு நிறுவனத்தின் சர்வர் வழியாகவோ வாடகைச் சர்வர் ஒன்றின் வழியாகவோ கடிதங்களை அனுப்புமாறு அமைக்க வேண்டும்.

கையொப்பமும் அத்தாட்சியும்

பெயர் ஒழுங்கான பின்னர் மூன்று பாதுகாப்புகள் சேர்க்கப்படுகின்றன. எஸ்.பி.எஃப். என்பது இந்த டொமைனின் கடிதங்களை எந்தெந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்னும் அறிவிப்பு. டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வொரு கடிதத்திலும் இடப்படும் மின்னணுக் கையொப்பம். அதைச் சோதிக்கும் திறவுகோல் டி.என்.எஸ். பதிவில் இருக்கும். டிமார்க் என்பது இச்சோதனைகளில் தவறிய கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று டொமைனின் உரிமையாளர் பெறுபவருக்குத் தரும் அறிவுரை.

இங்கும் பெயர்ப் பிழையின் விளைவு தொடர்கின்றது. டொமைனுக்கு எழுதிய எஸ்.பி.எஃப். அறிவிப்பு அதன் கீழுள்ள கணிப்பொறியின் பெயருக்குத் தானாகப் பொருந்தாது. எனவே ‘மெயில்.எக்ஸாம்பிள்.காம்’ பெயரில் தவறுதலாகப் புறப்பட்ட கடிதம் அத்தாட்சியின்றியே செல்லும். மேலும், சேர்க்க முடியாத கடிதத்தைத் திருப்பும்போது சர்வர் அனுப்பும் அறிவிப்பில் அனுப்புநர் விலாசம் வெறுமையாக இருக்கும். அப்போது முகமனில் கூறிய பெயரே சோதனைக்கு உள்ளாகும். ஆதலால் கணிப்பொறியின் முழுப்பெயருக்கும் ஓர் எஸ்.பி.எஃப். பதிவு எழுதி வைப்பது நன்று.

பழுது நேரும் காலத்தில்

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள், 26 ஆண்டுகளுக்குப் பின்னர் இடுக்கி அணையின் மதகு திறக்கப்பட்டது. அம்மாதத்தின் பெருமழையாலும் நிலச்சரிவுகளாலும் மலையூர்களின் சாலைகள் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாட்களில் மலையிலுள்ள ஒரு சர்வர் நின்றுபோவதாகக் கொள்வோம். அதற்கு எழுதப்பட்ட கடிதங்கள் உடனே அழிந்துவிடுவதில்லை. அனுப்பிய சர்வர் அவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். குறைந்தது 4 அல்லது 5 நாட்கள் முயல வேண்டும் என்பது விதியின் அறிவுரை. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அவகாசம் 5 நாட்களாகும்.

இந்தப் பொறுமை, சர்வர் பதில் கூறாதபோதும், 4-இல் தொடங்கும் தற்காலிக மறுப்பைக் கூறும்போதும் மட்டுமே காட்டப்படும். பெயர் தவறாக அமைந்த சர்வரோ 5-இல் தொடங்கும் நிரந்தர மறுப்பைக் கூறிவிடக்கூடும். உடனே கடிதம் திருப்பப்படும். மின்சாரம் இன்றி அணைந்து கிடக்கும் சர்வரைக் காட்டிலும், தவறான பெயருடன் விழித்திருக்கும் சர்வர் அதிகத் தீங்கு செய்ய வல்லது.

பெயருக்கும் எண்ணுக்கும் இடையே பிரிவினை இருப்பதன் நன்மையும் இத்தகைய காலத்தில் புலப்படும். மலையிலுள்ள சர்வர் நெடுநாள் இயங்காதெனில், பாலக்காட்டிலோ வேறோர் ஊரிலோ அதே பெயருடன் மற்றொரு சர்வரை நிறுவி, ‘ஏ’ பதிவில் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். கடிதம் எழுதுவோர் எவரும் புதிய விலாசம் அறிய வேண்டுவதில்லை. பழைய எண்ணைப் பிறர் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பது டி.டி.எல். என்னும் அளவால் நிர்ணயிக்கப்படுகின்றது. அது 86400 வினாடியாக இருப்பின் மாற்றம் பரவ ஒரு நாள் ஆகும். மழைக்காலத்திற்கு முன்னரே அதனை 300 வினாடியாகக் குறைத்து வைத்தால், 5 நிமிடத்தில் பெரும்பாலோர் புதிய எண்ணை அறிவர். புதிய எண்ணுக்கும் பி.டி.ஆர். பதிவைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை மறத்தலாகாது.

தமிழில் பெயர் வைக்கலாமா?

கணிப்பொறியின் பெயரில் ஆங்கில எழுத்துக்கள், இலக்கங்கள், சிறுகோடு ஆகியவற்றை மட்டுமே உபயோகிக்கலாம் என்பது பழைய விதி. புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு பகுதியும் 63 எழுத்துக்களை மீறலாகாது, அடிக்கோடு கூடாது. ஆயினும் இன்று ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று தமிழில் முடியும் டொமைன்கள் வழக்கில் உள்ளன. இவை திரையில் தமிழாகத் தோன்றினும், டி.என்.எஸ். முறைக்குள் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டே சேமிக்கப்படுகின்றன. ‘அட்’ குறிக்கு முன்னுள்ள பயனர் பெயரையும் தமிழில் எழுதுவதற்கு வகை செய்யும் விதிகள் 2012-இல் வெளியாயின; போஸ்ட்ஃபிக்ஸ் 2015-இல் வெளிவந்த 3.0 பதிப்பு முதல் இவற்றை ஏற்கின்றது. எனினும் பெறுபவரின் சர்வரும் இவ்விதியை ஏற்றால்தான் கடிதம் செல்லும். ஆகவே, தமிழ் விலாசத்துடன் ஆங்கில எழுத்தில் அமைந்த மற்றொரு விலாசத்தையும் வைத்திருப்பதே தற்போதைக்கு விவேகமாகும்.

சோதித்துப் பார்க்கும் வரிசை

சர்வரைப் பணியில் ஈடுபடுத்துவதற்கு முன் ஐந்து வினாக்களுக்கு விடை காண வேண்டும். ‘ஹோஸ்ட்நேம்’ கட்டளை முழுப்பெயரைத் தருகின்றதா? போஸ்ட்ஃபிக்ஸின் நான்கு இனங்களும், ‘போஸ்ட்கான்ஃப்’ கட்டளையால் பார்க்கும்போது, நாம் கருதியவாறே உள்ளனவா? ‘டிக்’ கட்டளையால் வினவும்போது எம்.எக்ஸ். பதிவும் ‘ஏ’ பதிவும் இதே சர்வரைக் காட்டுகின்றனவா? எண்ணைத் தலைகீழாக வினவினால் அதே பெயர் திரும்புகின்றதா? இறுதியாக, வெளியே உள்ள ஒரு விலாசத்திற்கு அனுப்பிய கடிதத்தின் தலைப்பு வரிகளில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய மூன்றும் தேறியதாகக் குறிக்கப்பட்டுள்ளனவா? இவற்றைச் சர்வருக்குள்ளிருந்து மட்டும் சோதித்தல் போதாது. வேறோர் இணைப்பில் உள்ள கணிப்பொறியிலிருந்தும் சோதிக்க வேண்டும். ஏனெனில், சர்வர் தன் சொந்தக் கோப்பைப் பார்த்துத் தனக்கே சாதகமாக விடை கூறிக்கொள்ளக் கூடும்.

இவ்வேலைக்கு விலையுயர்ந்த சாதனம் எதுவும் தேவையில்லை. மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எண்ணை வழங்கும் நிறுவனத்திற்கு எழுதும் ஒரு விண்ணப்பமும், அரை நாள் கவனமும் போதும். சர்வரை அமைத்தவர் தமது பதிவேட்டில் டொமைன், கணிப்பொறியின் முழுப்பெயர், எண், பதிவுகள் எழுதப்பட்ட நாள், டொமைனைப் புதுப்பிக்க வேண்டிய நாள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் குறித்து வைப்பாராயின், அவருக்குப் பின் வருபவரும் அச்சர்வரைப் பழுதின்றி நடத்த இயலும்.